நான் கழற்றி எறிந்த கட்டை

உனக்கு,

இன்னும் பெயர் வைக்கவில்லை, அதனால் இப்படித்தான் தொடங்க முடிகிறது. நீ மகனா மகளா என்றும் தெரியாது. ஸ்கேன் எடுத்தவர்கள் சொல்லமாட்டார்கள், நாங்களும் கேட்கவில்லை. நீ இதைப் படிக்கும்போது என் வயதுக்கு வந்திருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு இருபத்தொன்பது. குழந்தையிடம் பேச எனக்கு வராது, வளர்ந்த ஆளிடம் என்றால் பேசிவிடுவேன். இப்போது மதியம் ஒன்றரை மணி. மட்டாஞ்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா செல்வி உள்ளே பச்சைத் திரைக்குப் பின்னால் இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். அவள் வயிற்றுக்குள் நீ, எட்டு மாதம். காலை பதினொன்றேகாலிலிருந்து நீ அசையவில்லை. அதற்குக் காரணம் நான்.

சொல்லிவிட்டேன். சுற்றிவளைக்கத் தெரியாது எனக்கு. எழுதுவது கூட வேறு வழியில்லாமல்தான். உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது, எழுந்து நடந்தால் சிஸ்டர் திட்டுகிறார். சட்டைப்பையில் நான் வேலை பார்க்கும் யார்டின் ஜாப் கார்டு புத்தகம் இருந்தது. ஒவ்வொரு தாளிலும் மேலே "குறை", கீழே "செய்த வேலை" என்று கட்டம் போட்டிருக்கும். கட்டத்தைப் பார்க்காமல் குறுக்கே எழுதிக்கொண்டு போகிறேன். மலையாளம்தான் எனக்கு வேகமாக வரும், பள்ளிக்கூடத்தில் படித்தது அது. ஆனால் பக்கத்து நாற்காலிக்காரர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால் தமிழ். பிழை இருந்தால் உன் அம்மாவிடம் கேள், திருத்துவாள். கல்யாணத்துக்குப் பிறகு என் தமிழைத் திருத்தியதே அவள்தான். சங்கரன்கோவில்காரி, விடமாட்டாள். "உன் அம்மாவிடம் கேள்" என்று எழுதிவிட்டேன். நீயும் அவளும் இருப்பீர்கள் என்றுதான் பேனா நினைக்கிறது.

எனக்கு வேலை படகு யார்டில். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் பார்க்கிறேன். மழைக்கால மீன்பிடித் தடை வந்ததும் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்போம், தடை முடிவதற்குள் எல்லாவற்றையும் தண்ணீரில் இறக்கியாக வேண்டும். ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஒரு பழைய டிராக்டர் உண்டு. என்னைவிட வயதானது. வயலில் உழுதுகொண்டிருந்ததை முதலாளி அந்தோணி சேட்டன் எப்போதோ வாங்கிவந்து, இரும்பு வடம் கட்டிப் படகு இழுக்க வைத்துவிட்டார். ஓட்டுவது சாபு. கும்பளங்கிக்காரன், என் வயதுதான். ஆங்கிலத்தில் மேனுவல் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த வண்டி தும்மினால் எதற்குத் தும்மியது என்று சொல்வான். என்னை "இஞ்சினியரே" என்று கூப்பிடுவான், கேலியாக.

தடை தொடங்கிய ஜூன் மாதம் கடைசிப் படகையும் ஏற்றி முடித்ததும், சாபு டிராக்டரை ஷெட்டில் நிறுத்தி, கிளட்ச் பெடலை அடிவரை மிதித்து, அது எழும்பாமல் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தான். அந்த யார்டில் எப்போதும் அப்படித்தான் செய்வார்கள். கிளட்சுக்குள் ஒரு தட்டு எஞ்சின் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றும். பெடலை மிதித்தால் பிரியும், விட்டால் ஒட்டும். மாதக்கணக்கில் ஒட்டியபடியே உப்புக்காற்றில் நின்றால் இரண்டும் துருவால் பிடித்துக்கொள்ளும், பிறகு மிதித்தாலும் பிரியாது. அதற்குத்தான் கட்டை. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் தட்டை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கை இத்தனை வாரம் அமுக்கி வைத்தால் அது தளர்ந்துவிடும் என்று பாடத்தில் படித்திருந்தேன். எல்லோரும் போன பிறகு கட்டையை உருவிப் பழைய பலகைக் குவியலில் எறிந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாபு வாதாடுவான், வாதாட எனக்கு நேரம் இல்லை. எனக்கு எப்போதும் நேரம் இல்லை.

இந்த வாரம் ஷெட்டைத் திறந்தால் டிராக்டர் நகரும், ஆனால் நிற்காது. பெடலை அடிவரை மிதித்தாலும் கியர் பிரியவில்லை. சேட்டன் எல்லார் முன்னாலும் சாபுவைப் பிடித்துக்கொண்டார். "கட்டை எவிடெடா? ஒரு கட்டை வைக்கிறதுக்குக் கூட உனக்கு ஓர்மை இல்லையா?" சாபு, "வெச்சேன் சேட்டா, இந்தக் கையாலதான் வெச்சேன்" என்றான். "அப்போ கட்டை நடந்து சாயா குடிக்கப் போயிருக்கும்" என்றார் சேட்டன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று நாளாக யார்டில் சாபுவுக்கு "கட்டை" என்றுதான் பெயர். நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் வண்டியைச் சரிசெய்துவிடலாம், சரியான பிறகு சொன்னால் பெரிதாகத் தெரியாது என்று கணக்குப் போட்டேன். இந்த மாதிரிக் கணக்கு உனக்கும் வரும், என் பிள்ளைதானே. வந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடு.

இன்று காலை குறையைக் கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிஷம் ஆனது. பெடல் பிடிப்பதற்கு முன் சும்மா இறங்கும் ஆட்டம் ஒரு அங்குலம், சரியாக இருந்தது. பெடலிலிருந்து உள்ளே போகும் கம்பியும் ஊசிகளும் தேயவில்லை. அடியில் படுத்து மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். சாபு மேலே பெடலை மிதிக்க மிதிக்க உள்ளே தட்டைப் பிரிக்கிற இரும்பு விரல்கள் மூன்றும் ஒழுங்காக நகர்ந்தன. வெளியே எல்லாம் சரி, ஆகவே தட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதுவரை நான் செய்ததில் ஒரு தப்பும் கிடையாது. எந்தப் பரீட்சையிலும் முழு மார்க் கொடுப்பார்கள்.

அதற்குப் பிறகுதான். சாபு சொன்னான், "அளியா, ஜாக்கி வெச்சுப் பின்சக்கரம் ரெண்டையும் தூக்கிக் கட்டைமேல நிறுத்துவோம். கியர்ல ஸ்டார்ட் பண்ணினா சக்கரம் சும்மா காத்துல சுத்தும். கிளட்சை மிதிச்சுக்கிட்டு பிரேக்கை அழுத்தினா தட்டு விட்டுடும். அரை மணிக்கூர் வேலை." அவன் சொன்னதுதான் சரியான முறை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அரை மணிக்கூர் உன்கிட்ட இருக்கும், என்கிட்ட இல்ல. கட்டையை மறந்தவன் எனக்கு வழி சொல்லவேண்டாம்." இந்த வாயால்தான் சொன்னேன். அவன் தரையில் காறித் துப்பிவிட்டு ஒதுங்கி நின்றான். வண்டிக்கும் கேட்டுக்கும் நடுவே நாற்பது அடி காலி இடம் இருந்தது. தரையிலேயே மூன்றாவது கியரில் ஸ்டார்ட் செய்து, ஒரு உதறலில் பிரித்துவிடலாம் என்று ஏறி உட்கார்ந்தேன். கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கிற ஸ்விட்ச் இந்தக் காலத்து வண்டியில் உண்டு, அதில் இல்லை. அதற்கு இரண்டு பிரேக் பெடல், ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கொக்கி மாட்டியிருக்கவில்லை. அதையும் பார்த்தேன். மாட்ட இரண்டு வினாடி ஆகும்.

உன் அம்மா அந்நேரம் வருவாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவசரத்தில் சாப்பாட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது நான். போனில் கத்தியதும் நான். "டாக்டர் நடக்கத்தானே சொல்லியிருக்காங்க, கொண்டுவரேன்" என்றாள். வீடு யார்டிலிருந்து இரண்டு தெரு.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்த நொடியே வண்டி பாய்ந்தது. கிளட்ச் பெடலை மிதித்தேன். தட்டு விடவில்லை. இன்னும் பலமாக மிதித்தேன். அந்தப் பெடல் வேலை செய்யாது என்று கண்டுபிடித்ததே நான்தான், கண்டுபிடித்துப் பத்து நிமிஷம் ஆகவில்லை, ஆனால் பயந்ததும் என் கால் அதைத்தான் மிதித்தது. மிதித்துக்கொண்டே இருந்தது. வலதுகால் ஒரு பிரேக்கை மட்டும் அழுத்த, வண்டி வலப்பக்கம் வெட்டித் திரும்பியது. அங்கே கேட்டின் சின்னக் கதவைத் திறந்துகொண்டு உன் அம்மா உள்ளே வந்தாள், கையில் டிபன் கேரியர். என்னைப் பார்த்து முதலில் சிரித்தாள். நான் ஏதோ வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு போன வேகத்தை நான் பார்த்தேன்.

எஞ்சினை அணைக்க ஒரு குமிழ் இருக்கிறது, பிடித்து இழுக்க வேண்டும், அவ்வளவுதான். என் முழங்காலுக்கு முன்னால், ஒரு முழத் தூரத்தில். எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. பக்கவாட்டில் ஓடிவந்து, ஏறும்படியில் ஒரு காலை வைத்து, என் தொடைக்கு மேலாகக் கையை நுழைத்து அதை இழுத்தது சாபு. வண்டி நின்றது. முன்சக்கரத்துக்கு அடியில் டிபன் கேரியர். உன் அம்மா பின்னால் நகர்ந்து, கால் தடுக்கி, அங்கே குவித்திருந்த பழைய வலைமேல் விழுந்து கிடந்தாள். வலை இல்லாவிட்டால் சிமெண்டுத் தரை. நான் இறங்கி ஓடினேன். அவள் மல்லாந்தபடியே என்னைப் பார்த்து, "என்னங்க, டிராக்டருக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான் பேசுவாள். எனக்கு உயிர் வந்தது. திட்டுகிறாள் என்றால் நன்றாக இருக்கிறாள்.

ஆனால் ஆட்டோவில் ஏறியதும் பேச்சை நிறுத்திவிட்டாள். இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வலிக்குதா?" என்றேன். "இல்ல." "பின்ன என்ன?" "பேசாம வாங்க. கேட்டுக்கிட்டிருக்கேன்." எதைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. உன்னை. தினமும் அந்நேரத்துக்கு நீ உதைப்பாயாம். அது கூட எனக்குத் தெரியாது.

இங்கே வந்ததும் வயிற்றில் பெல்ட் கட்டி மெஷினில் இணைத்தார்கள். உன் இதயத் துடிப்பைத் தாளில் கோடாக வரைகிற மெஷின். கோடு வந்தது. நூற்று நாற்பது. நான் பெருமூச்சு விட்டேன், அளவு சரியாக இருந்தால் எனக்குப் போதும். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு முகம் மாறாமல் சொன்னார், "துடிப்பு இருக்கு. ஆனா கோடு ரொம்ப நேரா போகுது. குழந்தை அசைஞ்சா இது ஏறி இறங்கும், அப்படி ஏறி இறங்கணும். ஒருவேளை தூங்கிட்டிருக்கலாம். விழுந்திருக்காங்க, அதனால விடமுடியாது. பார்ப்போம். மாறலேன்னா இன்னைக்கே ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்." எட்டு மாதத்தில் எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார் மறுபடியும். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து மாதிரியே இல்லை. செல்வி கையில் ஒரு பட்டன் கொடுத்திருக்கிறார்கள். நீ அசையும்போதெல்லாம் அவள் அதை அழுத்த வேண்டும், தாளில் ஒரு குறி விழும். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த 'டிக்' சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். மெஷின் தாளைத் தள்ளுகிற சத்தம் மட்டும் வருகிறது.

கல்யாணமான புதிதில் எர்ணாகுளம் போகப் படகுத்துறைக்குப் போனோம். படகு கயிற்றை அவிழ்த்துவிட்டது. நான் ஓடிப்போய்த் தாவிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் நடுவில் தண்ணீர், அந்தப் பக்கம் உன் அம்மா புதுப்புடவையோடு, பை பிடித்துக்கொண்டு. படகில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த படகில் அவள் வந்து சேர்ந்து, எதுவும் கேட்காமல் என்கூட நடந்து, ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்த பிறகு சொன்னாள், "நீங்க முன்னாடி போயிடுறீங்க. பின்னாடி ஆள் இருக்கான்னு பாக்கறதே இல்ல." நான் அதைப் பெரிய ஜோக்காக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்று முன்னாடியும் பார்க்கவில்லை.

உனக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. எந்த இயந்திரத்தையும் ஓட்டும்முன் அதை நிறுத்துவது எது என்று கையால் தொட்டுப் பார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. கண்ணை மூடிக்கொண்டு தொடத் தெரிய வேண்டும். பயந்த பிறகு மூளை வராது, கை பழகிய இடத்துக்குத்தான் போகும். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டியிருப்பேன்.

இரண்டேகால். சாபு வந்தான். ஒரு கையில் சாயா பிளாஸ்க், இன்னொரு கையில் நசுங்கிய டிபன் கேரியர். அதை எதற்குக் கொண்டுவந்தான் என்று அவனுக்கே தெரியாது. கழுவி வேறு வைத்திருக்கிறான். "எந்தாயி?" என்றான். கோடு நேராகப் போவதைச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்தான். சாயா ஊற்றினான். நான் வாங்கவில்லை. அவன் டம்ளரைத் தானே பிடித்துக்கொண்டிருந்தான். அப்போது சொல்லிவிட்டேன். "சாபு, கட்டையை எடுத்தது நான். ஜூன்லயே. நீ போனப்புறம்."

அவன் என் பக்கம் திரும்பினான். டம்ளரைத் தரையில் வைத்தான். "சேட்டன் எல்லார் முன்னாலயும் என்னை நாறடிச்சப்போ நீ அங்கேதானே நின்னே?"

"ஆமா."

"சிரிச்சே."

"ஆமா."

"வீட்ல என் பொண்டாட்டி வரைக்கும் கட்டைன்னு கூப்பிட ஆரம்பிச்சாச்சு, எடா." எழுந்து படிக்கட்டு வரை போனான். போய்விடுவான் என்று நினைத்தேன், போனால் நியாயம்தான். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான். "முதல்ல கொச்சு நல்லபடியா வரட்டும். அதுக்கப்புறம் உன்னை அடிக்கிறேன். நல்லா அடிப்பேன்." சரி என்றேன். பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார்.

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உன்னை எழுப்ப ஒரு டம்ளர் இனிப்பு ஜூஸோடு சிஸ்டர் உள்ளே போனார். நான் ஸ்பிரிங்கை நினைத்தேன், துருவை நினைத்தேன், ஒட்டிக்கொண்டால் பிரியாதவற்றை எல்லாம் நினைத்தேன். சாமியைக் கும்பிடலாம் என்று பார்த்தேன், என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியவில்லை. சாபு முழங்கையால் இடித்தான். "கேட்டியா?" எனக்குக் கேட்கவில்லை. "எடா, கேளு." டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டிக். பிறகு சேர்ந்தாற்போல் மூன்று. உள்ளே சிஸ்டர் குரல், "ஒரு தடவை அழுத்தினாப் போதும் மோளே, இது காலிங் பெல் இல்ல." செல்வி குரல், "ஒரு தடவை உதைச்சா ஒரு தடவை அழுத்தலாம் சிஸ்டர். இது நிறுத்தவே மாட்டேங்குது."

மூன்றரை. டாக்டரம்மா தாளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஆபரேஷன் தேவையில்லை என்றார். கோடு இப்போது மேடும் பள்ளமுமாகப் போகிறது. நாளை வரை இங்கேயே வைத்துப் பார்க்கவேண்டுமாம், எந்நேரமும் மாறலாமாம். அதனால் என் பயம் போகவில்லை, பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சாபு யார்டுக்குப் போயிருக்கிறான். கட்டையை எடுத்தது நான் என்று அவன் கிளம்பும்முன் அவன் எதிரிலேயே சேட்டனுக்குப் போன் போட்டுச் சொன்னேன், ஸ்பீக்கரில். சேட்டன் சொன்னதை எழுத இந்தப் புத்தகத்தில் கட்டம் இல்லை. நாளை மறுநாள் பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, சாபு சொன்னபடி செய்யப்போகிறோம். டிரைவர் சீட்டில் அவன். குமிழின்மேல் கை வைத்துக்கொண்டு கீழே நான்.

என்னை உள்ளே விட்டார்கள். உன் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "கை வலிக்குது, இதைப் பிடிங்க" என்று பட்டனை என் கையில் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அப்புறம். இப்ப வேலையைப் பாருங்க. நான் சொல்லும்போது அழுத்துங்க" என்றாள். "இப்ப" என்கிறாள், அழுத்துகிறேன். "லேட்டு" என்கிறாள். மறுபடி "இப்ப". மறுபடி லேட்டு. நீ உதைத்து முடித்த பிறகுதான் என் விரல் போய்ச் சேருகிறது. ஒரு கையில் பட்டன், ஒரு கையில் பேனா, அதனால் எழுத்து கோணல். பரவாயில்லை. இன்று நான் அழுத்தியவற்றில் வேலை செய்கிற ஒரே சாமான் இதுதான். விரல் எடுக்காமல் காத்திருக்கிறேன். அவசரமில்லை. உதை.

உன் அப்பா